பாட்டியின் புடவை, பழைய படம், பல்லாங்குழி: ஒரு மாலையை ஏற்பாடு செய்ய ஆறு வார வழிகாட்டி

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் வளர்ந்த வீட்டின் ஒரு மாலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று விரும்பினேன். பாட்டியின் பட்டுப்புடவையை நான் உடுத்துவது, அந்தக் காலத்துப் படம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது, பிறகு கூடத்தில் அமர்ந்து பல்லாங்குழியும் தாயமும் ஆடுவது என்பதே திட்டம். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு மாதம் இழுத்தது. அதற்குள் ஒரு புடவையின் முந்தானை கிழிந்தது, ஒரு ரவிக்கை வீணாயிற்று, ஒரு பார்சல் திரும்பி வந்தது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு வாரம் போதும் என்பதால், அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள்

பழைய பாணியை விரும்பத் தொடங்கும் பலர் முதலில் கடையைத் தேடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ, பெரியம்மா, சித்தி, அத்தை வீட்டிலோ இருக்கும் இரும்புப் பெட்டியும் மர பீரோவும்தான் முதல் இடம். விலை மிச்சம் என்பதைவிட, அந்தப் பொருளை யார், எப்போது, எந்த விசேஷத்துக்கு வாங்கினார்கள் என்று சொல்ல ஒருவர் பக்கத்திலேயே இருப்பார் என்பதுதான் காரணம். அந்தத் தகவலை எந்தக் கடையும் உறுதியாகத் தராது. புடவையை எடுக்கும்போதே பழைய புகைப்பட ஆல்பத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒரே புடவை பெட்டியிலும் புகைப்படத்திலும் கிடைத்துவிட்டால், அதை அந்த வீட்டில் எப்படி உடுத்தினார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பட்டுப்புடவைகளுக்கு நல்ல விலை தருவதாகத் தெருவில் கூவி வருபவர்களுக்கும், விளம்பரம் செய்யும் கடைகளுக்கும் தேவை சரிகையில் உள்ள வெள்ளிதான். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அவர்கள் புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். நைந்துபோன புடவையானாலும் முதலில் குடும்பத்தில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் யாருக்கும் வேண்டாம் என்றால் மட்டுமே அந்த வழியை நினையுங்கள்.

2. புடவையை வெளிச்சத்தில் சோதியுங்கள்

தரையில் சுத்தமான பருத்திப் போர்வையை விரித்து, அதன்மேல் புடவையை மெதுவாகப் பிரியுங்கள். உதறக் கூடாது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக்கோட்டில் இற்றுப்போயிருக்கும். ஓர் உதறலில் கோடு முழுவதும் விட்டுவிடும். சன்னல் பக்கமாக இருவர் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் ஊடுருவும்படி ஒவ்வொரு முழமாக நகர்த்துங்கள். கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று: மடிப்புக்கோடுகள், உடலும் கரையும் கோர்வையாகச் சேரும் இடம், இடுப்பில் செருகிச் செருகித் தேய்ந்த பகுதி.

என் பாட்டியின் புடவை மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. வெளிச்சத்தில் பிடித்தபோது முந்தானைக்கு இரண்டு சாண் உள்ளே, ஊசியால் குத்தியதுபோல் ஒரே நேர்கோட்டில் பதினோரு புள்ளிகள் தெரிந்தன. அவை பூச்சி அரித்த ஓட்டைகள் என்று எண்ணி விட்டுவிட்டேன். நேர்கோட்டில் இருந்தால் அது பூச்சி அன்று, மடிப்பு இற்றுப்போனதன் தொடக்கம் என்பதைப் பிறகே தெரிந்துகொண்டேன். பூச்சி அரித்தால் ஓட்டைகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும்.

பட்டுதானா என்ற ஐயம் இருந்தால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழைகளை எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாசனையுடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். சரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அசலில் உள்ளே பட்டு நூல், பெரும்பாலும் சிவப்பாக, தெரியும். சரிகை கறுத்திருப்பதால் போலி என்று முடிவு கட்டாதீர்கள், வெள்ளி கறுக்கும் பொருள்தான். அதை எலுமிச்சை, புளி, பற்பசை எதனாலும் தேய்க்காதீர்கள், பொன்முலாம் போய்விடும்.

அளவையும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புடவைகளில் பல இன்றையவற்றைவிட அகலம் குறைந்தவை; சற்று உயரமானவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். இதற்காகக் கரையைப் பிரிக்க வேண்டியதில்லை. இடுப்பில் செருகும் ஓரத்தில் நான்கு விரற்கடை அகலத்துக்குப் பருத்தித் துணியை இணைத்துத் தைத்தால், அது உள்பாவாடைக்குள் மறைந்துவிடும். புடவையும் கீழே இறங்கும். ஒன்பது கஜம் என்றால் அதை இரண்டாக வெட்டித் தரத் தையற்கடையில் முன்வருவார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டத் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டால் போதும். வெட்டியதைச் சேர்க்க எவராலும் முடியாது.

3. சலவைக்குக் கொடுக்குமுன் ரசீதைப் படியுங்கள்

எனக்குப் பெரிய இழப்பு நேர்ந்த இடம் இதுதான். அந்தப் பதினோரு புள்ளிகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு சலவைக் கடையில் புடவையைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தபோது முந்தானை கிட்டத்தட்டத் தனியாகத் தொங்கியது. ரசீதின் பின்பக்கத்தில் பழைய துணிகளுக்குக் கடை பொறுப்பேற்காது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. புடவையின் நிலையைப் பதிவு செய்யாமல் கொடுத்தது நான் என்பதால் என்னால் வாதாடவும் முடியவில்லை.

ஆகவே இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள். முதலில் நிழலில், காற்றோட்டமான இடத்தில், அகலமான கம்பின்மேல் ஒரு பகல் முழுதும் புடவையை ஆறப்போடுங்கள். பெட்டி வாசனை பெரும்பாலும் இதிலேயே போய்விடும். கறை இல்லையென்றால் சலவையே வேண்டாம். இற்ற இடங்களைச் சலவைக்கு முன்பே சீர்செய்ய வேண்டும். சிறு ஓட்டைகளுக்கு இழை கோத்து டார்னிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். நீண்ட கோடாக விட்டிருந்தால் அதே நிறத்து மெல்லிய வலைத்துணியைப் பின்பக்கம் வைத்துக் கையால் தைக்கச் சொல்லுங்கள். மிஷின் தையல் வேண்டாம்: பலவீனமான பட்டில் ஒவ்வொரு ஊசிக்குத்தும் புதிய ஓட்டைதான்.

கறை இருந்து கொடுக்கத்தான் வேண்டும் என்றால், சாயம் இறங்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியைக் கரையின் மூலையில் இரண்டு நிமிடம் அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். பிறகு முன்பக்கம், முந்தானை, சேதமான இடங்கள் என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, நிறம், கரை, ஏற்கெனவே உள்ள சேதம் ஆகிய மூன்றையும் ரசீதில் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்க வேண்டாம். ரோல் பாலிஷ் என்று கேட்டால் புடவையை உருளையில் இழுத்துப் பிடித்து மெருகேற்றுவார்கள். நல்ல நிலையில் உள்ள புடவைக்கு அது பொலிவு தரும், இற்ற புடவைக்குக் கூடவே கூடாது.

4. படத்தைப் பாணிக்காகப் பார்க்கும் முறை

பழைய படத்தைக் கதைக்காகப் பார்ப்பதும் உடைக்காகப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள். முதல் முறை முழுப் படத்தையும் பாருங்கள். இரண்டாம் முறை கையில் தாளுடன் அமர்ந்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியவை மூன்று காட்சிகள்: ஒருவர் நேராக நிற்பது, திரும்பிச் செல்வது, பக்கவாட்டில் அமர்ந்திருப்பது. கையின் நீளம், கழுத்தின் ஏற்றம், கொசுவத்தின் அகலம், முந்தானை தோளில் விழும் விதம், கொண்டையின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கனவுப் பாடலில் கதாநாயகி அணிவதை நான் முதலில் குறித்தேன். அது மேடைக்கான உடை, கூடத்தில் உடுத்திக்கொண்டு காப்பி கொடுக்க முடியாது. கதாநாயகியின் தோழி, பள்ளி ஆசிரியை, வீட்டுக்கு வந்து போகும் அண்ணி போன்ற துணைப் பாத்திரங்களைப் பாருங்கள். அவர்கள் உடுத்தியிருப்பதுதான் அன்றைய தெருவில் நடந்த உடைக்கு நெருங்கியது. ஆண்களுக்கும் இதே விதி: எட்டு முழ வேட்டியும் வெளியே விட்ட அரைக்கை ஸ்லாக் சட்டையும் அலுவலகக் காட்சிகளில் நிறையக் கிடைக்கும், செலவும் குறைவு.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது திரையின் அளவு. தமிழில் சினிமாஸ்கோப் என்னும் அகலத்திரைப் படம் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்துடன்தான் வந்தது. அதற்கு முந்தைய படம் உங்கள் தொலைக்காட்சித் திரையை இடமும் வலமும் முழுதாக நிறைத்தால், யாரோ படத்தை அகலமாக இழுத்திருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்த படத்தில் கரை அகன்றும் கை தொளதொளவென்றும் தெரியும். வெட்டிய படத்தில் கொண்டையும் பாதமும் காணாமல் போகும். நான் வீணாக்கிய ரவிக்கை இழுத்த படத்தைப் பார்த்துத் தைத்ததுதான். இருபக்கமும் கறுப்புப் பட்டையுடன் சதுரத்துக்கு நெருக்கமாகத் தெரியும் பிரதியைத் தேடுங்கள். சுவரில் மாட்டிய வட்டக் கடிகாரமோ மேசை விசிறியோ ஒரு காட்சியில் வந்தால் அது வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடலாம்.

இரண்டாவது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிக்க வேண்டாம். முழுவதும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் 1956இன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’; அது அரபு நாட்டுக் கதை என்பதால் நம் வீட்டு உடைக்கு உதவாது. 1964இன் ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மென் கலரில் வந்த சமூகப் படம். அன்றைய இளைஞர்கள் எந்த நிறத்தோடு எதைச் சேர்த்தார்கள் என்பதை அதில் காணலாம். அதற்கு முந்தைய நிறங்களுக்குப் பழைய வார இதழ்களின் அட்டைகளும் தீபாவளி மலர்களும் நல்ல துணை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் பாதுகாக்கப்படுகின்றன. எந்த ஆண்டு, எந்த இதழ் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அடையாள அட்டையுடன் செல்லுங்கள். வெறுங்கையோடு போய் “பழைய படங்கள் வேண்டும்” என்று கேட்டால் நாள் வீணாகும்.

வீட்டில் குடும்பத்துடன் பார்ப்பதற்கு எந்தச் சிக்கலும் இல்லை. குடியிருப்போர் சங்கக் கூடத்தில் திரையிட நினைத்தால் மட்டும் உரிமையைக் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமைக் காலம், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1964இல் வெளியான படத்துக்கு அது 2024 டிசம்பருடன் முடிந்துவிட்டது. ஆனால் பாடல் வரிகளின் உரிமை கவிஞர் மறைந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும். கண்ணதாசன் மறைந்தது 1981இல் என்பதால் அவருடைய வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. கட்டணம் வசூலிக்கும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

5. ரவிக்கையைக் கடைசியில் தைக்காதீர்கள்

புடவையைவிட ரவிக்கைதான் காலத்தைக் காட்டும். ஐம்பது ஆண்டுப் புடவைக்கு இன்றைய ஆழக் கழுத்து ரவிக்கையைப் போட்டால் எல்லா உழைப்பும் கரைந்துவிடும். நான் குறித்த அறுபதுகளின் காட்சிகளில் முன்கழுத்து ஏறியும், கை முழங்கைக்கு மேலே இறுக்கமாகவும், உயரம் இடுப்புக்குச் சற்று அருகே இறங்கியும் இருந்தது. தையற்காரரிடம் “அந்தக் காலத்து மாடல்” என்று வாயால் சொன்னால் அவர் மனத்தில் இருக்கும் ஒன்றைத் தைத்துவிடுவார். மூன்று காட்சிகளையும் தாளில் அச்சிட்டு, கை நீளம், கழுத்து இறக்கம், முழு உயரம் ஆகியவற்றை அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள்.

லைனிங் துணியை நீங்களே வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். முதலில் விலை குறைந்த பருத்தியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பட்டில் கைவைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு வாரம் கூடுதலாகும், ஆனால் பட்டுத் துணி தப்பும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் தை மாத முகூர்த்த நாட்களிலும் நல்ல தையற்காரர் கிடைக்க மாட்டார். ஆடியில் கொடுத்தால் நின்று பேச அவருக்கு நேரம் இருக்கும்.

6. ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், விதியை எழுதி வையுங்கள்

இருவர் என்றால் பல்லாங்குழி அல்லது ஆடுபுலி. நால்வர் என்றால் தாயம். ஒரு மாலைக்கு இரண்டு ஆட்டம் தாராளம்.

பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தோ ஆறோ காய்களை இட்டு, உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ள குழியின் காய்களை வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது “பசு”, அந்தப் பக்கத்தவருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி மாறும். அம்மாவின் ஊரில் குழிக்கு ஐந்து, பெரியப்பா வீட்டில் ஆறு என்று எங்கள் வீட்டில் அரைமணி நேரம் வழக்காயிற்று. தொடங்குமுன் மூத்தவர் ஒருவரைக் கேட்டு, அன்றைய விதியைத் தாளில் எழுதி நடுவில் வையுங்கள்.

காய்களில் மிகக் கவனமாக இருங்கள். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதையும் பயன்படுத்தலாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை மட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்காதீர்கள். அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழைய பலகையோடு ஒரு சிறு பை குன்றிமணி சேர்ந்து வருவது வழக்கம், ஆகவே பையைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தாயத்துக்குப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு தேவை. கட்டைக்கு ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் என்று நான்கு முகங்கள். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. டைல்ஸ் தரையில் நேரடியாக உருட்டினால் தரையும் சிதையும், கட்டையும் நசுங்கும். கோரைப்பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள். கட்டம் வரையச் சாக்கட்டி போதும். ஆடுபுலி இன்னும் எளிது: மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு முக்கோணக் கட்டம். பலகை கிடைக்கவில்லையென்றால் பல்லாங்குழிக்கும் பதினான்கு சிறு கிண்ணங்கள் போதும். இதற்காகப் பழம்பொருள் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

7. பழம்பொருள் வாங்குவதானால்: பில், வயது, சட்டம்

அசல் பழைய மரப்பலகைதான் வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பலகையை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து நான்கு முறை தட்டுங்கள். மாவுபோல் தூள் கொட்டினால் உளுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள், வாங்கியே ஆக வேண்டுமானால் பூச்சி மருந்து வைத்துச் சீர்செய்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். கண்ணாடிபோல் வார்னிஷ் பூசிப் “பழையது” என்று சொல்வதையும் நம்ப வேண்டாம்.

பழைய புடவையைக் கடையில் வாங்குவோருக்கும் ஒரு குறிப்பு: தூய பட்டு என்று உறுதி சொல்லும் சில்க் மார்க் முத்திரை 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபது ஆண்டுப் புடவை என்று சொல்லி அந்த அட்டையைத் தொங்கவிட்டிருந்தால், அதை எப்போது, யார் இணைத்தார்கள் என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் அங்கே அனுப்ப நினைப்பவர்களும் இதைத் தவறவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது, அதை விற்பவருக்கும் உரிமம் வேண்டும். நான் வாங்கிய பலகையின் பில்லில் கடைக்காரர் பெருமையாக “150 வருடப் பழமை” என்று எழுதிக் கொடுத்தார். அதை டொரன்டோவில் உள்ள தங்கைக்கு அனுப்பியபோது பார்சல் அப்படியே திரும்பி வந்தது; அனுப்பிய செலவும் போயிற்று. நூறு ஆண்டுக்குக் குறைந்தது என்று நம்பினால், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெறுங்கள். புகைப்படம், அளவு, பில் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். எளிய வழி, அனுப்புவதற்குப் புதிதாகச் செய்த பலகையையே வாங்குவது.

8. நாளும் செலவும்

முதல் வாரம் பெட்டி திறப்பு, சோதனை, ஆறப்போடுதல். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் டார்னிங்குக்குப் போகும். அந்த நேரத்தில் நீங்கள் படம் பார்க்கலாம். நான்காம் வாரம் மாதிரி ரவிக்கை, ஐந்தாம் வாரம் பட்டு ரவிக்கை. ஆறாம் வாரத்தைத் திருத்தத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். அதில் வேறு வேலை வைத்தால் கடைசி நாளில் ஊக்கு தைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சென்னையில் நான் கொடுத்த தொகைகள்: டார்னிங்கும் வலைத்துணியும் 1,400 ரூபாய், ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 150, மாதிரி ரவிக்கை 350, லைனிங்குடன் பட்டு ரவிக்கை 900, புதிய தாயக்கட்டை 300, சோழி 120. மொத்தம் 3,220 ரூபாய். தவறுகளுக்குக் கொடுத்தது இதைவிட அதிகம். அதை உங்கள் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

9. அந்த மாலையும் மறுநாளும்

படம் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். ஆட்டத்தை முதலில் வையுங்கள், படத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். படம் முடிந்தபின் தரையில் அமர்ந்து ஆட மூத்தவர்களுக்குத் தெம்பு இருக்காது. தரையில் அமர முடியாதவர்களுக்குப் பலகையை முக்காலியின்மேல் வைத்துத் தாருங்கள். வாசனைத் திரவியத்தைப் புடவை கட்டுவதற்கு முன்பே பூசிக்கொள்ளுங்கள், சரிகையில் படக் கூடாது. ஊசி குத்துவதானால் கரையின் அடர்த்தியான இடத்தில் குத்துங்கள், இற்ற உடலில் வேண்டாம்.

அன்று இரவே புடவையை மடித்து வைக்காதீர்கள். வியர்வை காய ஓர் இரவு மின்விசிறியின் கீழ் கம்பில் போட்டுவிட்டு, மறுநாள் பழைய மடிப்புக்கோடுகளைத் தவிர்த்து வேறு இடத்தில் மடித்து, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாப்தலின் உருண்டை பட்டிலும் சரிகையிலும் படக் கூடாது. உலர்ந்த வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். அந்தத் தேதிகளை நான் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதி வருகிறேன். அடுத்த முறை அம்மாவே மடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.